டாக்டருக்கு 2 வருஷம், நர்ஸுக்கு 5

மே 12, நர்ஸுகள் தினம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி வாசிக்க வைத்து, கையில் ஒரு ரோஜாவைத் திணிப்பார்கள். சேவை, தியாகம், வெள்ளுடை தேவதை என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் பேசுவார். டெல்லியில் இத்தனை வருஷம் தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டேன். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவைப் பற்றி அந்த மேடையில் ஒருத்தர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பழைய இ.பி.கோ. 304ஏ-யின்படி, கவனக்குறைவால் உயிர் போனால் யாருக்கும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அது 5 ஆண்டு. சிகிச்சையின்போது நடந்தால் 'பதிவுபெற்ற மருத்துவருக்கு' மட்டும் 2 ஆண்டுதான். டாக்டர்கள் சங்கம் கேட்டு வாங்கிய சலுகை அது. அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்த மருத்துவர் யார் என்றும் அதே பிரிவு சொல்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நர்சிங் கவுன்சிலில் பதிந்த நாம் அதற்குள் வரவில்லை. ஒரே படுக்கை, ஒரே மருந்து. ஆர்டர் போட்டவருக்கு 2 வரை, ஊசி போட்டவளுக்கு 5 வரை.

ராத்திரி இரண்டு மணிக்கு போனில் "சிஸ்டர், லகா தோ" (ஊசியைப் போட்டுடுங்க) என்று ஒரு டாக்டரின் குரல் வரும். எவ்வளவு டோஸ், எதில் கலந்து, எத்தனை மணி நேரம் ஓட்டணும் என்று கேட்டால் எரிச்சல். பொட்டாசியம் குளோரைடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் ஆம்பூலை (மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியை) உடைப்பதற்கு முன் இன்னொரு சிஸ்டரிடம் காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அந்த இன்னொரு சிஸ்டர் டூட்டியில் இருந்தால்தானே!

நொய்டா வழக்கு தெரியாத நர்ஸ் இருக்கக் கூடாது. 1993 டிசம்பரில் டைபாய்டுக்காகச் சேர்த்த ஒரு சிறுவனுக்கு நர்ஸ் ஊசி போட்டார், பையன் அங்கேயே சுருண்டான், மூளை பாதிக்கப்பட்டது. அந்த நர்ஸுக்கு உரிய தகுதியே இல்லை. 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரியைப் பொறுப்பாக்கி, பையனுக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்ற நஷ்டஈட்டை உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பணத்தைத்தான் ஆஸ்பத்திரி கட்டும். கிரிமினல் கேஸ் என்று வந்தால், உங்களுக்குப் பதிலாக நிர்வாகம் ஜெயிலுக்குப் போகாது.

நர்ஸுக்கும் தண்டனையைக் குறைத்தால் அலட்சியம் கூடும் என்பார்கள் சில சீனியர்கள். ஆறு மணி பிபியை நாலு மணிக்கே சார்ட்டில் எழுதி வைக்கிறவரை நானும் காப்பாற்ற வரமாட்டேன். அது அலட்சியம் இல்லை, மோசடி. வொயிட்னர் போட்டு அழிப்பதும் அப்படியே. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, நேரம், அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து டெல்லி முனிர்காவில் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் கேட்பது வேறு. "அக்கா, ஆர்டரை எழுதிக் குடுங்கன்னா டாக்டர் சார் கோச்சுக்குவாரு." கோச்சுக்கட்டும். போன் ஆர்டர் என்றால் திருப்பிச் சொல்லிக் காட்டு, பெயரும் நேரமும் எழுது, காலையில் அவர் ரவுண்ட்ஸ் வரும்போது கையெழுத்து வாங்கு. சந்தேகம் தீரவில்லை என்றால் போடாதே, இன்சார்ஜைக் கூப்பிடு. என்னைக் கேட்டால் நம் தொழிலின் அறமே இந்தப் 'போடமாட்டேன்'தான். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் ஹெச்ஆர் பீரோவில் மாட்டியிருக்கிற பெண் அதை எந்தத் தைரியத்தில் சொல்வாள்? 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியிலும் குறைந்தது 20,000 ரூபாய் சம்பளம் என்று மத்திய அரசுக் கமிட்டி 2016-இல் சொன்னதே கையில் வந்து சேராதவர்கள் எத்தனையோ பேர்.

2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், டாக்டர் மேல் கேஸ் போடும் முன் போலீஸ் வேறொரு தகுதியுள்ள டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே பாதுகாப்பு நர்ஸுக்கும் எழுத்தில் வேண்டும். 106-இல் பதிவுபெற்ற நர்ஸையும் சேர்க்க வேண்டும். டெல்லி கிரீன் பார்க்கில் இருக்கும் நம் ட்ரெய்ண்ட் நர்சஸ் அசோசியேஷன் இந்த இரண்டையும் உரக்கக் கேட்கட்டும். அதுவரைக்கும் புதிதாக வேலையில் சேருகிற பிள்ளைகளுக்கு ஒன்று: ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அன்றைக்கே ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள்.