புது போனுக்கு முன்னால் ஒரு புது பேட்டரி

செப்டம்பர் வந்தால் ஐபோன், வருஷம் பிறந்த சூட்டோடு சாம்சங், நடுவில் மாதம் தவறாமல் சீனக் கம்பெனிகள். ஒவ்வொரு முறையும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அடுத்த மாடல்ல ஏஐ எல்லாம் வருதாமே, இப்ப இருக்கறத மாத்திடலாமா?" வீட்டில் போன் விஷயங்களைப் பார்க்கிறவன் நான் என்பதால் கேள்வி கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று, நாலு வருஷத்துக்குள் வாங்கிய நல்ல போன் கையில் இருந்தால் வரப்போகிற எந்த வசதிக்காகவும் அதை மாற்ற வேண்டாம். பேட்டரி இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்று பாருங்கள். அது நிற்கும் வரை அந்த போனை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஏஐ. இப்போது வரும் விளம்பரங்களில் அதுதான் முன்னால் நிற்கிறது. 2024 ஜூனில் ஐபோனின் ஏஐ வசதிகளை ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற பெயரில் மேடையில் அறிவித்தார்கள். செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது, இதற்காகவே அடிப்படையில் இருந்து செய்த போன் என்றார்கள். ஆனால் முதல் நாள் வாங்கிப் பெட்டியைப் பிரித்தவர்களின் போனில் அந்த வசதி இல்லை. முதல் தவணை அக்டோபர் கடைசியில் வந்தது. மேடையில் காட்டியதிலேயே பெரிய விஷயம், நம் மெயிலையும் மெசேஜையும் புரிந்துகொண்டு "அம்மாவோட விமானம் எப்ப இறங்குது" என்று கேட்டால் பதில் சொல்லும் 'சிரி' (ஐபோனின் குரல் உதவியாளர்). அதை 2025 மார்ச்சில் தள்ளிவைத்தார்கள். அதைக் காட்டிய விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்காகவே பணம் கொடுத்தவர்களுக்கு மிச்சம் காத்திருப்புதான். இன்னொரு பக்கம், முந்தின வருஷம் ஐபோன் 15 வாங்கியவர்களுக்கு இது எதுவுமே வராது என்றாகிவிட்டது. ப்ரோ வாங்கியவர்களுக்கு மட்டும் 8 ஜிபி ரேம் இருந்ததால் வந்தது. வருஷம் ஒன்று ஆவதற்குள் 80,000 ரூபாய் போன் பழசாகிவிட்டது என்று சொல்ல வைத்தது அந்த 2 ஜிபி வித்தியாசம்.

சரி, தமிழுக்கு இதில் என்ன இருக்கிறது? 2025-இல் ஆப்பிள் இன்டெலிஜென்ஸின் மொழிப் பட்டியலில் வியட்நாம், துருக்கி, டேனிஷ் மொழிகள் எல்லாம் சேர்ந்தன, தமிழ் சேரவில்லை. அதே சமயம் கூகுளின் ஜெமினி ஆப் 2024 ஜூனிலேயே தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு இங்கே வந்தது. அக்டோபரில் அதோடு தமிழில் வாய்விட்டுப் பேசும் வசதியையும் அறிவித்தார்கள். அதற்குப் புது போன் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஆண்ட்ராய்டு போனே போதுமாக இருந்தது. என் அம்மா இங்கிலீஷில் வரும் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு" என்று அதனிடம் தமிழில்தான் கேட்கிறார். அவர் வைத்திருப்பது நான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: நம் ஆட்களுக்கு உண்மையில் உதவுகிற ஏஐ ஆப் வடிவத்தில் இலவசமாக வந்துவிட்டது. போனுக்குள்ளேயே இயங்கும் ஏஐயில் ஒரு நல்ல விஷயம் உண்டு, நம் படமும் பேச்சும் வெளியே எந்த சர்வருக்கும் போகாது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கடினமான வேலை என்று வந்தால் இன்றைய போன்களும் சர்வருக்குத்தான் அனுப்புகின்றன.

கேமரா விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருக்கும் போன் சாதாரணமாக எடுத்துத் தரும் படம் 12 மெகாபிக்சல் அளவில்தான் இருக்கும். பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. அது நல்ல உத்திதான், தப்பில்லை. ஆனால் படத்தின் தரத்தை முடிவு செய்வது சென்சாரின் அளவும் லென்ஸும். 15,000 ரூபாய் போனில் எண்ணிக்கைக்காக ஒட்டிவைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸை வாங்கிய வாரத்துக்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் இருந்து பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்றால், உண்மையான ஆப்டிகல் ஜூம் (லென்ஸே நெருக்கிக் காட்டுவது) உள்ள போனுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. மற்றபடி நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில் சுருங்கி, இன்னொரு போன் திரையில்தான் பார்க்கப்படுகின்றன.

மெலிசான போன் என்று ஒரு அலை 2025-இல் வந்தது. ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர், சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8. வந்தபோது இரண்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கையில் எடுத்தால் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மெலிவு எங்கிருந்து வருகிறது? பேட்டரியில் இருந்துதான். ஏரில் 3149 எம்ஏஎச், எட்ஜில் 3900. பாதி விலை போனிலேயே 5000 சாதாரணமாகிவிட்ட காலம் இது. ஏரில் சிம் போடும் தட்டும் கிடையாது, இசிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம்) மட்டும்தான். நம் ஊரில் யுபிஐ, பேங்க் ஆப், ஆதார் ஓடிபி என்று எல்லாம் அந்த ஒரு சிம்மோடு கட்டப்பட்டிருக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால், சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் போட்டு அவசரத்துக்கு ஒரு பேமெண்ட் செய்யும் வசதி போய்விடும். வயதானவர்களுக்கு இசிம் மட்டும் உள்ள போனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மடக்கு போன்கள் 2019-இல் வந்தபோது இருந்ததைவிட இன்று நன்றாகவே இருக்கின்றன. உள் திரை உடைந்தால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

இனி பேட்டரிக்கு வருகிறேன். வரப்போகிற வசதிகளில் நான் மனதாரக் காத்திருக்கலாம் என்று சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

வழக்கமான லித்தியம் பேட்டரியின் ஒரு முனையில் கிராஃபைட் இருக்கும். லித்தியம் அதற்குள் போய் உட்காருவதுதான் சார்ஜ். கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் வைத்தால் எடைக்கு எடை பல மடங்கு லித்தியத்தை ஏற்கும். ஆனால் அப்படி ஏற்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல்கூட உப்பும், இறங்கும்போது சுருங்கும். உப்பிச் சுருங்கியே நொறுங்கிவிடும். அதனால் சிலிக்கானைப் பொடியாக்கி கார்பனோடு கலந்து வைக்கிறார்கள். 2023-இல் ஹானர் இதைச் சீனாவில் போனுக்குள் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஒன்பிளஸ் 13-இல் 6000 எம்ஏஎச், அந்த வருஷக் கடைசியில் வந்த ஒன்பிளஸ் 15-இல் 7300. போன் செங்கல் மாதிரி தடிக்கவும் இல்லை. காலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுநாள் மதியம் வரை கவலையில்லாமல் இருப்பது ஒரு டெலிவரி பையனுக்கோ கால் டாக்சி ஓட்டுநருக்கோ எவ்வளவு பெரிய விஷயம்! ஏஐ எழுதித் தரும் மெயிலைவிட அவர்களுக்கு இது ஆயிரம் மடங்கு உபயோகம்.

ஆனால் பேட்டரிக்காக போனையே மாற்ற வேண்டுமா என்பது வேறு கேள்வி. "போன் ஸ்லோவாயிடுச்சு, ஹேங் ஆகுது" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை பேட்டரியில் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிளே இதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பிவிடும். அதை யாருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. எத்தனையோ பேர் போனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிட்டார்கள். பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரில் இருந்து 29-ஆகக் குறைத்தார்கள். 2020-இல் வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டார்கள்.

என் அப்பாவின் போனுக்கும் அப்படி ஒரு நிலைமை வந்தது. சார்ஜ் ஏறவில்லை, ஏறினாலும் நிற்கவில்லை. சர்வீஸ் சென்டரில் "போர்டு போயிடுச்சு சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடைக்காரர் சார்ஜிங் பின்னில் அடைந்திருந்த பஞ்சை எடுத்தார், பேட்டரியை மாற்றினார், 2000 ரூபாய்கூட ஆகவில்லை. அப்பா இன்றும் அதில்தான் செய்தி பார்க்கிறார். மலிவு டூப்ளிகேட் பேட்டரி மட்டும் போட்டுவிடாதீர்கள். போனின் பின்பக்கம் உப்பிக்கொண்டு வந்தால் அன்றைக்கே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அதில் விளையாட்டு கிடையாது.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் மாற்றுங்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன். பேங்க் கணக்கு, யுபிஐ எல்லாம் இருக்கும் போனில் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடப்பது ஆபத்து. ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் என்று இப்போதே பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் புது போனுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

புதிதாக வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். கூகுள் பிக்சல் 8-இல் இருந்தும், சாம்சங் எஸ்24-இல் இருந்தும் ஏழு வருஷ அப்டேட் தருவதாகச் சொல்கிறார்கள். 20,000-க்குள் வந்த சாம்சங் ஏ16 5ஜிக்கே ஆறு வருஷம் சொன்னார்கள். பட்ஜெட் போன்களில் இதுதான் எனக்குப் பிடித்த முன்னேற்றம், ஆனால் இதைப் பெரிய எழுத்தில் யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த வருஷக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளில் இருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளில் இருந்து இல்லை. தீபாவளி ஆஃபரில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டு வருஷப் பழைய மாடலில் இரண்டு வருஷ அப்டேட் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தும் லாபம் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2025 ஜூன் 20-க்குப் பிறகு அங்கே சந்தைக்கு வரும் போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை முடிந்த பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷம் அப்டேட் வர வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண்ணைப் போனோடு வரும் லேபிளிலேயே பார்க்கலாம். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். பழுதுபார்ப்பு மதிப்பெண் முறைக்காக அமைத்த குழுவும் 2025-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. ஐபோன்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே அசெம்பிள் ஆகி வெளிநாடுகளுக்குப் போகின்றன. ஐரோப்பாவில் வாங்குபவருக்கு அந்த லேபிள் சட்டப்படி கிடைக்கிறது. தொழிற்சாலையில் அந்தப் போனைக் கையால் பொருத்திய பெண்ணின் ஊர்க் கடையில் வாங்குபவருக்கும் அதே விவரம் கிடைக்க வேண்டும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30,000 ரூபாய் போனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் பத்து வருஷத்தில் ஒன்றரை லட்சம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி போட்டால் 65,000-க்குள் முடிந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் திரும்ப வந்தாலும் வித்தியாசம் பெரிதுதான். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதிலும் கார்டில் போட்டால் வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் ப்ராசசிங் கட்டணமும் நம் தலையில்தான் விழும். போனுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரலில் 12-இல் இருந்து 18 ஆனது. 2025 செப்டம்பரில் டிவிக்கும் ஏசிக்கும் வரியைக் குறைத்தபோதுகூட போனுக்குக் குறைக்கவில்லை. இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் அவற்றின் விலையும் 2025 கடைசியில் இருந்து எகிறியிருக்கிறது. அதே பணத்துக்குக் குறைந்த ரேம் உள்ள போன் கிடைக்கும் நிலைமையில் அவசரப்படுவானேன்?

புது போன் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் தடுக்கவில்லை. 3 ஜிபி ரேமில் 32 ஜிபி ஸ்டோரேஜில் தினமும் எதையாவது அழித்துக்கொண்டிருக்கும் மாணவர், ஆர்டர் வரும் நேரத்தில் ஆப் திறக்காமல் வருமானம் போகும் டெலிவரி ஊழியர், பார்வைக் குறைபாட்டால் திரை வாசிக்கும் வசதியை நம்பியிருப்பவர். இவர்களுக்குப் புது போன் ஆடம்பரம் கிடையாது. கையில் பணம் குறைவு என்றால் நல்ல கம்பெனியின் பழைய போனும் வாங்கலாம். வாங்கும் முன் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அது திருட்டுப் போனா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் நம்பிப் போனைக் கொடுக்கக்கூடிய ரிப்பேர்க் கடை எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த மாடலுக்குப் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆனது என்று கீழே எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து இந்தப் பதிவிலேயே சேர்த்துவிடுகிறேன்.