கேட்காமலே குடிவந்த ஆன்டிவைரஸ்

புது லேப்டாப் வாங்குனதும் முதல்ல என்னண்ணே பண்ணணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: கூடவே வந்திருக்கிற அந்த ஆன்டிவைரஸைத் தூக்குங்க. வால்பேப்பர் மாத்துறதெல்லாம் அப்புறம். இப்படிச் சொன்னா பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. "பாதுகாப்புக்குன்னு கம்பெனிக்காரனே போட்டுக் குடுத்தத எடுக்கச் சொல்றீங்களே?"

அவன் போட்டுக் குடுத்தது உங்க பாதுகாப்பை நெனச்சு இல்லைங்க. லேப்டாப் செய்யுறவனுக்கும் ஆன்டிவைரஸ் விக்கிறவனுக்கும் நடுவுல உள்ள வியாபாரம் அது. கொஞ்ச நாள் இலவசம், அதுக்கப்புறம் பணம் கட்டு. காசு குடுத்து நிலத்தைக் கிரயம் பண்ணிட்டுப் போய்ப் பார்த்தா, பத்திரத்துலயே இல்லாத ஒரு ஆளு மோட்டார் கொட்டகையில பாய் விரிச்சுப் படுத்திருந்தா எப்படி இருக்கும்? அதுலயும் நம்ம ஊர்ல சாகுபடி பண்ற குத்தகைதாரருக்கு 1955-லேருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கு. இந்த ஆளுக்கு அந்த உரிமையும் கிடையாது. தாராளமா வெளியேத்தலாம்.

மன்னார்குடிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். எங்க பக்கம் லேப்டாப் வாங்குறதுக்கு ரெண்டு காலம். கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் பேங்க்ல ஏறுற மாசி, பங்குனி. அப்புறம் காலேஜ் சேர்க்கை நடக்குற ஜூன், ஜூலை. வாங்கிக் கொஞ்ச நாள் கழிச்சு அதே லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வருவாங்க. பொண்ணு திருவாரூர்ல காலேஜ் சேர்ந்திருக்கு, அம்மா வந்து நிக்கிறாங்க. "தம்பி, இதுல வைரஸ் பூந்துடுச்சாம். பணம் கட்டச் சொல்லுது, கட்டிறட்டுமா?" தொறந்து பார்த்தா வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல. வலது பக்கம் கீழே ஒரு சிவப்புப் பெட்டி, உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்குன்னு. பணம் கட்டுற பட்டன் பட்டையா, பளிச்சுனு. பக்கத்துல 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டவே வேண்டாம்'னு ஒரு பட்டன் அந்தப் பெட்டியில எங்க தேடினாலும் கிடைக்காது. மூடுற பெருக்கல் குறி வெள்ளைக்கு மேல வெளிர் சாம்பல்ல இருக்கு. கண்ணாடி போட்ட எனக்கே தெரியல, அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இதை வெறும் தொல்லைன்னு சொல்லி நான் விட்டிருப்பேன். விட முடியாததுக்குக் காரணம் வேற. இதே மாதிரி சிவப்புப் பெட்டி, பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகளோட லோகோவோட, முழுக்கப் போலியாவும் வருது. ஏதோ சினிமா டவுன்லோடு தளத்துல, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமான்னு கேக்குறப்ப 'அலோ' (Allow, அனுமதி) பட்டனை அமுக்கியிருப்பாங்க. அதுலேருந்து குரோம் நோட்டிஃபிகேஷன் வழியா, உங்க சந்தா முடிஞ்சுது, இத்தனை வைரஸ் இருக்குன்னு மழையா கொட்டும். அமுக்கினா பணம் போகும், இல்ல கார்டு நம்பர் போகும். அசல் கம்பெனியே இந்தப் பாஷையில பேசிப் பழக்கிட்டதால, ஜனங்களுக்கு அசல் எது போலி எதுன்னு பிரிக்கத் தெரியல. மிரட்டுனா பணம் கட்டணும்னு பழக்குனது அசல்காரன், அறுவடை பண்றது திருடன். எனக்குக் கோபமே இங்கதான்.

சரி, எடுத்துட்டா காவலுக்கு யாரு? விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கு. 2012-ல வந்த விண்டோஸ் 8-லேருந்து அது கூடவே வர்ற முழு ஆன்டிவைரஸ். தனியாப் பணம் கிடையாது. வெளி ஆன்டிவைரஸ் உள்ள இருந்தா அது ஒதுங்கிக்கும். வெளி ஆளை எடுத்ததும் தானா வேலைக்குத் திரும்பிடும். விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீங்க. வீட்டுக்கும் காலேஜ் பிள்ளைக்கும் அது போதும். என் கடை மாதிரி நாள் முழுக்க ஊர்ப்பட்ட பெண்டிரைவ் சொருகுற இடத்துக்கு, நல்லா விசாரிச்சுக் காசு குடுத்து ஒண்ணு வாங்கிப் போட்டா அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அது நாமளா எடுத்த முடிவு.

"அந்த மாதிரி சாஃப்ட்வேர் போடுறதாலதான் லேப்டாப் விலை குறையுது"ன்னு ஒரு வாதம் இருக்கு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா அந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் நமக்கு பில்லுல காட்டுனதில்ல. காசுக்காகக் கண்டதை உள்ள விட்டா என்ன ஆகும்னு 2015 பிப்ரவரியிலேயே உலகம் பார்த்துச்சு. லெனோவா தன் லேப்டாப் சிலதுல சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர சாஃப்ட்வேரை முன்கூட்டியே போட்டு வித்திருந்தது. பேங்க் மாதிரி பாதுகாப்பான தளத்தோட நம்ம தொடர்புக்கு நடுவுலயே அது பூந்து உக்காரும். அதைவிடக் கொடுமை, அதுக்கு அது பயன்படுத்துன ரகசியச் சாவி (டிஜிட்டல் சாவி) எல்லா லேப்டாப்புக்கும் ஒண்ணே. அந்தச் சாவி வெளிய தெரிஞ்சதும் எவன் வேணா போலித் தளம் காட்டி ஏமாத்தலாம்னு ஆகிப்போச்சு. கடைசியில நீக்குறதுக்கு லெனோவாவே ஒரு கருவி வெளியிட்டது. 2017-ல அமெரிக்க அரசோட வர்த்தக ஆணையத்தோட சமரசத்துக்கும் வந்தது. அது ஆன்டிவைரஸ் இல்லதான். ஆனா நம்மளக் கேட்காம உள்ள வந்த விதம் ஒண்ணுதான்.

எடுக்குற முறை சுலபம். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். அந்தப் பேரைத் தேடி, பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியை அமுக்கி அன்இன்ஸ்டால். நடுவுல ஒருதரம் பயமுறுத்தும், தள்ளுபடி தர்றேன்னு கெஞ்சும். கண்டுக்காதீங்க. அதே கம்பெனி பேர்ல பிரவுசருக்குன்னு தனியா இன்னொண்ணு பட்டியல்ல இருந்தா அதையும் எடுங்க. நிறைய பேர் இதைத்தான் விட்டுடுறாங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு விண்டோஸ் செக்யூரிட்டியைத் தொறந்து டிஃபெண்டர் ஓடுதான்னு கண்ணால பாருங்க. ஒட்டிக்கிட்டு போக மாட்டேங்குதுன்னா, பெரிய கம்பெனிகள் நீக்குறதுக்குன்னே தனிக் கருவி வச்சிருக்காங்க. அதை அவங்க சொந்தத் தளத்துலேருந்து மட்டும் எடுக்கணும். கூகுள்ல மேல வர்ற விளம்பரத்தை அமுக்கிடாதீங்க. ஏற்கெனவே கார்டு குடுத்திருந்தா ஆட்டோ ரெனியூவலைத் தனியா நிறுத்தணும். சாஃப்ட்வேரை நீக்குனா சந்தா தானா நிக்காது. போலி நோட்டிஃபிகேஷனுக்கு குரோம் செட்டிங்ஸ்ல, சைட் செட்டிங்ஸ் உள்ள போய், தெரியாத தளத்தையெல்லாம் தடுத்துடுங்க.

பின்னாடி என்னிக்காவது லேப்டாப்பை ரீசெட் பண்ணா, பல மாடல்ல பழைய ஆளு மறுபடி வந்து உக்காந்துக்குவான். அதுக்கு மைக்ரோசாஃப்ட் தளத்துலேருந்தே விண்டோஸை 8 ஜிபி பெண்டிரைவ்ல இறக்கிப் புதுசா போடறதுதான் வழி. விண்டோஸோட வாங்குன லேப்டாப்புன்னா விண்டோஸ் லைசென்ஸ் சாவி மதர்போர்டுலயே இருக்கும், அதே பதிப்பைப் போட்டா தானா எடுத்துக்கும். போடுறதுக்கு முன்னாடி போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி பண்ணிக்குங்க. பெண்டிரைவ் இல்லாதவங்க நம்ம கடைக்கு எடுத்துட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.