விஸ்கியின் நிறம் அதன் வயதைச் சொல்லாது

"விலை குறைந்த சிங்கிள் மால்ட்டைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். வெளிறிய நிறம் என்றால் அது போலி, அடர் நிறம் என்றால் பல வருடம் ஊறிய அசல்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. (சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில் மட்டும் உருவாகும் விஸ்கி.)

வடிக்கும்போது எந்த விஸ்கியும் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். நிறம் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது. முன்பு ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் சில வருடங்களிலேயே நல்ல செம்பழுப்பைத் தந்துவிடும். பலமுறை பயன்படுத்திய போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் நீண்ட காலம் கிடந்தாலும் வைக்கோல் நிறத்தைத் தாண்டாமல் போகலாம். அதோடு, ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட்டில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. இதை அந்தத் தகவல் சொல்லவே இல்லை. அடர் நிறம் சில நேரம் கேரமலின் வேலைதான்.

சரி, எதைப் பார்ப்பது? லேபிளைத்தான். பிரிட்டனின் 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, விலை எதுவானாலும் ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் ஒரே வடிசாலையில் மால்ட் செய்த பார்லியில் உருவாகி, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்து, ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வயது அச்சிட்டிருந்தால், அது உள்ளே இருப்பவற்றில் மிக இளையதன் வயது. பிரிட்டிஷ் அரசின் சட்ட இணையதளத்தில் விதிகளை யாரும் படிக்கலாம்.

சுவை பார்க்கும்போது முதலில் முகருங்கள். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மீண்டும் முகருங்கள், வாசனை நன்றாக விரியும். நல்ல மலிவு மால்ட்டை நிறத்தை மட்டும் பார்த்து ஒதுக்குவது அநியாயம். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.