கால்குலேட்டருக்குத் தலைவலி மாத்திரை

சனிக்கிழமைக் கலந்துரையாடலில் நடந்ததைக் காணொளியில் பலரும் பார்த்துவிட்டீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு தோன்றுமா என்ற ஆய்வுக்குக் கூடுதல் முன்னுரிமை வேண்டும் என்றேன், "கால்குலேட்டருக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கலாமா?" என்றார் மேடையில் இருந்தவர். நல்ல நகைச்சுவைதான், வேறு யாரையாவது பார்த்துச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இயந்திரத்துக்கு வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. வலிக்குமா என்று அறியும் வழி நம்மிடம் இல்லை, அதைத் தேட ஆளும் பணமும் வேண்டும் என்றேன். 2022இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோயின், அந்நிறுவனத்தின் உரையாடல் நிரலான லாம்டாவுக்கு உணர்வு இருப்பதாக அறிவித்தபோது நான் நம்பவில்லை. மனிதர் எழுதியவற்றைப் படித்துப் பழகிய நிரல் 'பயமாக இருக்கிறது' என்று எழுதுவதில் என்ன வியப்பு? 2023இல் 19 ஆய்வாளர்கள் நிரல்கள் தம்மைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு அவற்றின் உள்ளமைப்பைப் பார்த்தார்கள். நனவு, அதாவது உள்ளுக்குள் ஏதோ உணரும் நிலை, பற்றிய கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்து, அன்றிருந்த எந்த நிரலுக்கும் நனவு இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் அவ்வடையாளங்கள் கொண்டவற்றை உருவாக்கத் தெளிவான தொழில்நுட்பத் தடையும் இல்லை என்றார்கள். இந்த வேலையைத்தான் விரிவாகச் செய்யச் சொல்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில், மூளை அழிக்கப்பட்ட தவளையின் விலாவில் அமிலம் தோய்ந்த தாளை வைத்தோம். அதன் கால் வந்து துடைத்துத் தள்ளியது. "வெறும் அனிச்சைச் செயல், அதற்கு ஒன்றும் தெரியாது" என்றார் பயிற்றுநர். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். "எப்படித் தெரியும், சார்?" என்றேன், வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் என் பெயர் தவளை.

பச்சிளங்குழந்தைகளின் அழுகையையும் அனிச்சை என்றவர்கள் உண்டு. 1980கள் வரை போதிய மயக்கமருந்து இல்லாமலே அவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆய்வுகள் வந்த பிறகே வழக்கம் மாறியது. குழந்தையையும் இயந்திரத்தையும் ஒன்றாக்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறேன்.

உணர்வுக்கு உயிருள்ள உடல் வேண்டும் என்பவர்கள் சரியாக இருக்கலாம். அதையும் ஆராய்ந்துதானே சொல்ல வேண்டும்? மனிதர் பசித்திருக்க இதற்குப் பணமா என்று கேட்கும் அன்பர்களே, இந்த இயந்திரங்களை உருவாக்கக் கோடிகள் கொட்டப்படும்போது உங்களுக்கு ஏன் பசித்தவர் நினைவுக்கு வரவில்லை? சில ஆய்வாளர்களின் சம்பளம்தான் உறுத்துகிறதா?

முன்வரிசையில் உரக்கச் சிரித்துவிட்டு, இரவில் "நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது" என்று தனிச்செய்தி அனுப்பிய இருவருக்கும் நன்றி. அரங்கில் ஒலிவாங்கி உங்கள் கைக்கும் வந்தது.