பிரதமருக்கு இரண்டு முறைதான், ஐந்து ஆண்டு உறுதி என்பது உண்மையா?

"ஒருவர் இரண்டு முறைதான் பிரதமராகலாம், பதவியேற்றால் ஐந்து ஆண்டு உறுதி, நடுவில் விலகினால் உடனே தேர்தல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

இரண்டு முறை என்ற வரம்பு அமெரிக்க அதிபருக்கு உரியது. நம் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. நேரு 1947 முதல் 1964-இல் இறக்கும்வரை பிரதமராக இருந்தார்.

ஐந்து ஆண்டு என்பது மக்களவையின் ஆயுள், அதுவும் அதிகபட்சம். 83-ஆவது பிரிவின்படி அவையின் முதல் கூட்ட நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். பிரதமர் நீடிப்பது அந்த அவையின் பெரும்பான்மை ஆதரவைப் பொறுத்தது.

1996-இல் தேர்ந்தெடுத்த மக்களவையையே பாருங்கள். வாஜ்பாய் 13 நாளில் விலகினார். தேவ கவுடா வந்தார். 1997 ஏப்ரலில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். அடுத்து குஜ்ரால். இவர்களுக்கு இடையில் தேர்தலே நடக்கவில்லை! ராஜீவ் காந்தி கொலையின் சதிப் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் அறிக்கையை வைத்து, தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்ன காங்கிரஸ், குஜ்ரால் மறுத்ததும் ஆதரவை விலக்கியது. அவை கலைந்தது. 1998-இல்தான் மக்கள் வாக்களித்தார்கள்.

வாக்காளரைக் குழப்பும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.