இடிக்காமலே ஒரு அறை கூட்டித் தரலாம்

பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்றொரு குடியிருப்பு, 1960களின் தொடக்கத்தில் கட்டியது. அதில் மூன்று அடுக்ககங்கள், பத்து முதல் பதினைந்து மாடி, மொத்தம் 530 வீடுகள். எல்லாமே குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகள். ஐம்பது வருடப் பழசு, இடித்துவிடலாமா என்ற பேச்சு அங்கேயும் வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை நம் ஊரில் ஏழைகளின் வீடு பற்றி முடிவெடுக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன் லக்காத்தோன், ழான்-பிலிப் வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து செய்த வேலை இது. பழைய கட்டடத்தின் மேல் பாரம் ஏற்றாமல், அதற்கு முன்னால் சாரம் கட்டுகிற மாதிரி ஒரு தனிச் சட்டகத்தை எழுப்பினார்கள். முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் தளங்களைக் கிரேனில் தூக்கி மாடி மாடியாகப் பொருத்தினார்கள். பிறகு பழைய வெளிச்சுவரில் சின்னச் சின்ன ஜன்னல் இருந்த இடத்தை அறுத்துத் திறந்து, பெரிய கண்ணாடிக் கதவு போட்டார்கள். வீட்டுக்கு வெளியே 3.8 மீட்டர் ஆழத்துக்கு, அதாவது பன்னிரண்டு அடிக்கு மேல், புதிய இடம் கிடைத்தது. இது இன்னதற்கு என்று யாரும் பெயர் வைக்காத இடம். செடி வைக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். குளிர்காலத்தில் அங்கே தேங்கும் வெயில் உள்ளறைகளையும் கதகதப்பாக வைக்கும்.

ஒரு வீட்டில் வேலை நடந்தது 12 முதல் 16 நாட்கள்தான். தளம் பொருத்த அரை நாள், சுவர் அறுக்க இரண்டு நாள், புதிய முகப்புக்கு இரண்டு நாள், மீதி குளியலறை, மின்சாரம் போன்ற உள்வேலைக்கு. மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வேலை முடிந்தபின் வாடகையும் ஏறவில்லை. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது இந்த வேலைக்குக் கிடைத்தது. 2021-இல் லக்காத்தோனுக்கும் வசாலுக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கரும் வந்தது.

இவர்கள் திடீரென்று இந்த இடத்துக்கு வந்தவர்கள் இல்லை. 1996-இல் இதே போர்தோவில் லேயோன் ஓகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரச் சொல்லி வேலை வந்தது. போய்ப் பார்த்தார்கள், அங்கிருந்தவர்களிடம் பேசினார்கள், இந்த இடம் ஏற்கனவே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சரளைக்கல்லைப் புதுப்பிக்கவும், ஒழுங்காகக் கூட்டவும், மரங்களைக் கவனிக்கவும் மட்டும் பரிந்துரை. புதிதாக எதுவும் கட்டவில்லை. வேலை கொடுக்க வந்தவரிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! பாரிஸில் இடிப்புப் பட்டியலில் இருந்த ஒரு 1960களின் கோபுர அடுக்ககத்தையும் 2011-இல் இதே முறையில் விரித்துக் கொடுத்தார்கள்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் நகரம் முழுக்க நாலடுக்கு வீடுகளைக் கட்டியது. (2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள்.) பழைய வீடுகள் பல இருநூற்றுச் சொச்சம் சதுர அடிதான். அதில் ஐந்து பேர், ஆறு பேர். இடம் போதாமல் மக்கள் என்ன செய்தார்கள் என்று எந்தப் பிளாக்கின் பின்பக்கம் போனாலும் தெரியும். பால்கனியைத் தகரம் வைத்து அடைத்துச் சமையலறையாக்கினார்கள், கிரில் போட்டு வெளியே தள்ளி அண்டா குண்டா வைத்தார்கள், தரைத்தளத்தில் முன்பக்கம் ஷீட் இறக்கி ஒரு கடை போட்டார்கள். இதையெல்லாம் அதிகாரிகள் ஆக்கிரமிப்பு என்று எழுதுகிறார்கள். என் கண்ணுக்கு அது, அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று குடியிருப்பவர்களே போட்டுக் கொடுத்த பிளான். போர்தோவில் செய்ததும் அதைத்தான், முறையான அஸ்திவாரத்தோடு, அரசு செலவில்.

இங்கே நடப்பது இடிப்பு. இடித்துக் கட்டும் காலத்துக்கு வெளியே வாடகைக்குப் போகச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை. வேலை இரண்டு வருடத்தில் முடிந்தால்கூட மாதம் ஆயிரம் ரூபாய். சென்னையில் ஆயிரம் ரூபாய்க்கு எந்த வீடு கிடைக்கும்? என் சித்தி வீட்டில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாடகை குறைந்த இடம் தேடி ஊருக்கு வெளியே போனார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரமானது. சித்தி வேலை செய்த மூன்று வீடுகளும் கைவிட்டுப் போயின. புதிய கட்டடம் வந்தபோது சதுர அடி கூடியிருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் போன வேலையும் கைமாற்று கேட்கிற அளவுக்குப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர்களும் திரும்பி வரவில்லை.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. ஆட்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைப் பெயர்த்துக் கொண்டிருக்கிற கட்டடத்தின் முன்னால் எவ்வளவு நல்ல சட்டகம் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. அதை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் எது அப்படிப்பட்டது, எது பூச்சு மட்டும் உதிர்ந்தது என்று பிளாக் பிளாக்காகக் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி (கோர்) எடுத்துச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாமே! புதிதாகக் கட்டினாலே உறுதி என்றும் இல்லை; அதே 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புத்தம் புதிய அடுக்குமாடியின் பூச்சு கை பட்டதும் உதிர்ந்ததையும் பார்த்தோம்.

போர்தோ வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவரவும் கூடாது. குளிர்காலத்தில் வெயிலைத் தேக்கி வைக்கிற அந்த அடைப்பை மே மாதச் சென்னையில் வைத்தால் உள்ளே ஆள் வெந்துவிடுவார். நமக்கு வேண்டியது நிழல். ஆறு அல்லது எட்டு அடி ஆழத்தில் திறந்த தாழ்வாரம், மேற்கு வெயிலுக்குத் தட்டியோ காற்று வர ஓட்டை விட்ட ஜாலிச் சுவரோ, கூடவே தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஏற மாடி மாடியாக ஒரு புதிய டக்ட். வயதானவர்கள் நாலு மாடி ஏறுகிற பிளாக்குகளுக்கு அந்தச் சட்டகத்திலேயே லிஃப்ட் வைத்துவிடலாம். பிளாக்குகளுக்கு நடுவே தீயணைப்பு வண்டி போக இடம் விடாமல் நெருக்கிக் கட்டிய இடங்களில் இது நடக்காது. ஓரளவு இடம் உள்ள குடியிருப்பில் தொடங்கலாம்.

என் கோரிக்கை இதுதான். இடிக்க டெண்டர் விடும் முன் இரண்டு மதிப்பீடு போடுங்கள், ஒன்று இடித்துக் கட்ட, இன்னொன்று கூட்டிக் கட்ட. மக்கள் வெளியே கட்டும் வாடகையும் இழக்கும் கூலியும் முதல் மதிப்பீட்டில் செலவாக ஏறட்டும். இரண்டையும் தமிழில் அச்சடித்து அந்தந்தப் பிளாக்கின் படிக்கட்டில் ஒட்டி, குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.