வரிசையில் நின்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பேர்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவர் சாதாரண விலைக் கடைக்காகச் செய்த உடைத் தொகுப்பை வாங்க வரிசையில் நின்றவர்களை இணையத்தில் படம் போட்டுக் கேலி செய்தீர்கள். அந்தப் படத்தையும் கீழே ஓடிய கேலிகளையும் நேற்றிரவு படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பேருக்கு அலையும் கூட்டமாம்", "ஓசியில் கிடைத்தால் விடுவார்களா". ஓசியா? எல்லோரும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்! கடை திறக்கும் முன்பே வந்து நின்ற பெண்களை முகம் தெரியப் படம் பிடித்துப் போட்டதற்கு அத்தனை லைக்.

உடையில் நல்ல வெட்டும் நல்ல நிறமும் பணக்காரர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்த இளக்காரம் புதிதும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஹால்ஸ்டன் என்ற பேர்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஜேசிபென்னி என்ற சாதாரண விலைக் கடைக்கு உடை வடிவமைக்கிறார் என்றதும், பெர்க்டார்ஃப் குட்மேன் என்ற ஆடம்பரக் கடை அவர் துணிகளை விற்பதையே நிறுத்தியது. எல்லோர் கைக்கும் எட்டினால் மதிப்புப் போய்விடும் என்ற அதே எண்ணம். பிறகு 2003-இல் ஐசக் மிஸ்ராஹி என்ற வடிவமைப்பாளர் டார்கெட் என்ற அமெரிக்க மலிவு விலைக் கடைக்கு வந்தார். 2004-இல் ஆடம்பர உடைகளுக்குப் பேர்போன கார்ல் லாகர்ஃபெல்டே எச் அண்ட் எம் என்ற மலிவு விலை உடைக் கடைக்குச் செய்து கொடுத்தார். அவர்களுக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் வாங்குகிற நமக்கு எங்கிருந்து வந்தது?

"துணி மட்டம், பேர்தான் பெரிது" என்பார்கள். என் அம்மா தையல் வேலை செய்தவர். எந்த உடையையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்க்கப் பழக்கினார். பக்கத் தையலில் கோடும் கோடும் சேர்கிறதா, பிரித்து விட உள்ளே துணி இருக்கிறதா, ஜிப் துணியைக் கடிக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் எடுப்பேன். சரியில்லாததை, எந்தப் பெரிய பேர் இருந்தாலும், அங்கேயே மாட்டிவிட்டு வருவேன். அப்படிப் பார்த்து எடுத்து நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்து, கூட வேலை செய்பவர் எல்லோர் முன்னாலும் "ஒரிஜினலா?" என்று கேட்டார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. வாங்கியதை முழங்கை தேயும்வரை போடுகிறேன், என்னால் முடிந்தது அதுதான். ஆனால் வாரா வாரம் பார்சல் பிரிப்பவர்கள் எனக்கு அதைப் பாடம் எடுக்க வேண்டாம்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2011-இல் மிசோனி என்ற இத்தாலிய ஆடம்பர உடை நிறுவனம் டார்கெட்டுக்குச் செய்த தொகுப்பு வந்த அன்று டார்கெட்டின் இணையதளமே படுத்துவிட்டது. அன்றே அந்த உடைகள் ஈபே என்ற விற்பனைத் தளத்தில் கூடுதல் விலைக்கு வந்தன. 2015-இல் லில்லி புலிட்சர் என்ற உடை நிறுவனம் டார்கெட்டுக்குச் செய்த தொகுப்பிலும் அதே கதை. வண்டி வண்டியாக அள்ளிப் போய் விற்றவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? ஒருவருக்கு இத்தனைதான் என்று கடை கறாராக இருந்திருந்தால் யாரும் விடியுமுன் வந்து நிற்க வேண்டியதில்லை.

அந்த லில்லி புலிட்சர் தொகுப்பில் பெரிய அளவுகள் இணையத்தில் மட்டும்தான். கடையில் மாட்டவே இல்லை. பெரிய அளவு போடும் என் தோழிக்கு இது எப்போதும் நடப்பது. நாங்கள் சேர்ந்து போவோம், நான் போட்டுப் பார்ப்பேன், அவள் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். உங்கள் கேலியை முதலில் படித்துவிட்டு எனக்கு அனுப்பியவளும் அவள்தான். "இதுக்குத்தான் நான் வரமாட்டேன்னேன்" என்று எழுதியிருந்தாள்.

அடுத்த தொகுப்பு அறிவித்ததும் அளவுப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன். அவளுக்கும் இருந்தால் இருவரும் போய் வரிசையில் நிற்போம்.